அடிபட்டுக் கிடக்குற விலங்குகிட்ட போலீஸ் எப்படி நடந்துக்கணும்

ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டுல ஒரு நாய் அடிபட்டுக் கெடக்குன்னா பார்க்கிறவங்க யாருக்கு போன் பண்ணுவாங்க? போலீசுக்குத்தான். அந்த நேரத்துல போன் எடுக்கிறதும் வண்டி எடுத்துட்டு வர்றதும் அவங்கதானே. ஆனா ட்ரெயினிங்ல மனுஷனுக்கு அடிபட்டா என்ன பண்ணணும்னு சொல்லிக் கொடுத்த அளவுக்கு, ஒரு மாடோ நாயோ மானோ அடிபட்டுக் கெடந்தா என்ன பண்ணணும்னு பெரும்பாலும் யாரும் சொல்லித் தர்றதில்ல. போய் நிக்கிறவருக்கு மனசு இருக்கும், வழி தெரியாது.

நான் ஒரு கால்நடை டாக்டர்கிட்ட ரொம்ப வருஷமா உதவியாளா இருக்கேன். டேபிள் மேல வந்து படுக்கிற விலங்கைப் பார்த்தாலே ரோட்டுல என்ன நடந்திருக்கும்னு ஓரளவுக்கு தெரிஞ்சுடும். ஒரு தடவை தொடை எலும்பு உடைஞ்ச நாய் ஒண்ணு வந்துச்சு, எலும்பு தோலைக் கிழிச்சுட்டு வெளியே நீட்டிட்டு இருந்துச்சு. கொண்டு வந்தவங்க நல்ல மனசுக்காரங்க, கண்ணு கலங்கி நிக்கிறாங்க. விசாரிச்சா, வண்டிக்கு அடியில போய் பதுங்கின நாயை பின்னங்காலைப் பிடிச்சு வெளியே இழுத்திருக்காங்க. எலும்பு உடைஞ்சது வண்டி மோதினதுல, வெளியே வந்தது இழுத்ததுல. இதைத்தான் நான் ரெண்டாவது அடின்னு சொல்வேன். முதல் அடியை உங்களால தடுக்க முடியாது, நீங்க போறதுக்கு முன்னாடியே அது நடந்து முடிஞ்சிருக்கும். இந்த ரெண்டாவது அடி விழாம பார்த்துக்கிறதுதான் ஸ்பாட்டுக்குப் போற போலீஸோட வேலை, மிச்சத்தை டாக்டர் பார்த்துப்பாங்க. அதை எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

போன் வர்றப்பவே வேலை ஆரம்பிச்சுடுது

கூப்பிடுறவங்ககிட்ட நாலு விஷயம் கேட்டுடுங்க: என்ன விலங்கு, சரியா எந்த இடம், எழுந்து நடக்குதா இல்ல படுத்தே இருக்கா, யாரையாவது கடிச்சிருக்கா. அப்புறம் அவங்களுக்கு மூணு விஷயம் சொல்லுங்க. கிட்ட போகாதீங்க, தண்ணியோ சாப்பாடோ கொடுக்காதீங்க, கண்ணுல படுற தூரத்துலயே இருந்து அது எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் பார்த்துட்டு இருங்க. தண்ணி கொடுக்கக் கூடாதான்னு நிறைய பேர் சங்கடப்படுவாங்க. அரை மயக்கத்துல இருக்கிற விலங்குக்கு வாயில தண்ணி ஊத்தினா அது நுரையீரலுக்குள்ள போயிடும், அதுவும் இல்லாம உடனே ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தா வயிறு காலியா இருக்கிறது நல்லது.

ஸ்டேஷன்ல செவுத்துல ஒரு பேப்பர் ஒட்டி வெச்சிருக்கணும், செல்போன்ல மட்டும் இருந்தா போதாது. ராத்திரி எடுக்கிற கால்நடை டாக்டர் நம்பர், காட்டு விலங்குன்னா எந்தத் துறை யாரு, பாம்பு பிடிக்கிறவர், மாடு குதிரை தூக்குற அளவுக்கு வண்டி வெச்சிருக்கிறவர். மாசம் ஒரு தடவை அந்த நம்பரெல்லாம் வேலை செய்யுதான்னு கூப்பிட்டுப் பாருங்க. ராத்திரி மூணு மணிக்கு ஒரு மாட்டை நடு ரோட்டுல வெச்சுக்கிட்டு, நம்பர் மாறிடுச்சுன்னு தெரிய வர்றது ரொம்பக் கொடுமை.

வண்டியில ரெண்டு தடிமனான போர்வை, தோல் கிளவுஸ், ரப்பர் கிளவுஸ், சுருக்கு மாதிரி போடுற நாய்க் கயிறு, நாலு விரல் அகலத்துக்கு நீளமான காட்டன் துணி, காத்துப்போக ஓட்டை போட்ட ஒரு அட்டைப்பெட்டி, ஒரு பெரிய டவல், ஒரு ஆள் நீளத்துக்கு பலகை, இதெல்லாம் இருந்தா பத்துல எட்டு கேஸை சமாளிச்சுடலாம். பலகை இல்லையா, போர்வையையே ரெண்டு பக்கமும் சுருட்டிப் பிடிச்சா ஸ்டிரெட்சர் ஆயிடும்.

போய் இறங்கினதும்

சைரனை கொஞ்ச தூரத்துலயே ஆஃப் பண்ணிடுங்க. ட்ராஃபிக் உள்ள இடம்னா உங்க வண்டியை விலங்குக்கும் வர்ற வண்டிகளுக்கும் நடுவுல மறைப்பா நிறுத்தணும், அதுதான் அதுக்கு நீங்க பண்ற முதல் பெரிய உதவி. சுத்துற லைட் ட்ராஃபிக்குக்கு வேணும்தான், ஆனா குதிரை, மாடு, மான் மாதிரி இருக்கிறதுங்க அந்த வெளிச்சத்துல மிரண்டு உடைஞ்ச காலோட எழுந்து ஓடப் பார்க்கும், அதனால ஆளுங்களை நிறுத்தி ட்ராஃபிக்கைத் திருப்ப முடிஞ்சா லைட்டையும் குறைச்சுடுங்க.

அடுத்தது கூட்டம். உண்மையா சொல்றேன், மருந்து கட்டு எல்லாத்தையும் விட முதல்ல அந்த விலங்குக்குத் தேவை சுத்தி நிக்கிறவங்க விலகுறதுதான். நான் நேர்ல பார்த்த ஒரு சம்பவம். ஒரு செம்பட்டை நாய், இடுப்புல அடி, நிறுத்தி வெச்சிருந்த வேனுக்கு அடியில போய் சுருண்டுடுச்சு. சுத்தி பதினஞ்சு பேர், எல்லார் கையிலயும் செல்போன் டார்ச், ஆளாளுக்கு குனிஞ்சு பார்த்து "ச்சூ ச்சூ வா வா"ன்னு கூப்பிடுறாங்க, நாய் பல்லைக் காட்டிட்டு நடுங்குது. அப்ப வந்த கான்ஸ்டபிள் ஒருத்தர் முதல்ல எல்லா டார்ச்சையும் அணைக்கச் சொன்னாரு. அப்புறம் இருபது அடி தள்ளி எல்லாரையும் நிக்க வெச்சாரு. தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு வேனுக்குப் பக்கத்துல, நாயைப் பார்த்து இல்ல, பக்கவாட்டுல திரும்பி தரையில உக்கார்ந்துட்டாரு. ஒண்ணும் பேசல. ஒரு போர்வையோட ஓரத்தை மட்டும் மெதுவா வேனுக்கு அடியில தள்ளி விட்டாரு. ஏழெட்டு நிமிஷம் கழிச்சு நாய் அந்த ஓரத்தை மோந்து பார்த்துச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல தலையை அது மேல வெச்சுடுச்சு, அப்புறம் உடம்பும் பாதி போர்வை மேல வந்துச்சு. அவர் போர்வையைத்தான் இழுத்தாரு, நாயை இழுக்கல. மொத்தம் இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அந்த நாய்க்கு இடுப்பெலும்புல மட்டும்தான் அடி, வேற எதுவும் கூடல, ரெண்டு மாசத்துல நடந்துச்சு. அந்தக் கான்ஸ்டபிளுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கல, வீட்டுல நாய் வளர்த்தவராம்.

வலியில இருக்கிறப்போ வீட்டு நாய்கூட கடிக்கும், வளர்த்தவங்களையே கடிக்கும், அது கெட்ட நாய்னு அர்த்தம் இல்ல. ஓனரே வந்தாலும் அவங்க முகத்தை நாய் முகத்துகிட்ட கொண்டு போக விடாதீங்க. நேரா நடந்து போகாதீங்க, வளைஞ்சு பக்கவாட்டுல போங்க, கண்ணோட கண் பார்க்காதீங்க, மேல குனிஞ்சு நிக்காதீங்க. உதட்டை நக்கிட்டே இருக்கிறது, கண்ணோட வெள்ளை தெரியிற மாதிரி ஓரமா பார்க்கிறது, உடம்பு விறைச்சுப் போறது, இதெல்லாம் "இதுக்கு மேல வராதே"ன்னு சொல்றது. உறுமுறதும் அப்படித்தான். உறுமுற நாயை அதட்டாதீங்க, அது உங்களுக்கு எச்சரிக்கை கொடுத்துட்டு இருக்கு, ரெண்டடி பின்னால வாங்க. குரைச்சுட்டு உங்க பக்கம் ஓடி வர்ற நாய் எல்லாமே கடிக்க வருதுன்னும் நினைக்காதீங்க, நிறைய நாய் பாதி தூரத்துல நின்னுடும். கையில ஒரு பேட், குடை, பலகை, எது இருந்தாலும் உங்களுக்கும் அதுக்கும் நடுவுல பிடிச்சா போதும், துப்பாக்கிக்குக் கை போக வேண்டிய நிலைமை ரொம்ப ரொம்பக் குறைச்சல்.

வாய்க்கட்டு, ரத்தம், தூக்குறது

நாயைத் தூக்கணும்னா முதல்ல வாய்க்கட்டு. அந்தக் காட்டன் துணியில ஒரு சுருக்கு போட்டு மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவுல மாட்டுங்க, மேல ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழ கொண்டு வந்து ஒரு முடிச்சு, அப்படியே காதுக்குப் பின்னால கொண்டு போய் சட்டுனு அவுக்கிற மாதிரி கட்டிடுங்க. ஆனா வாந்தி எடுக்குது, மூச்சு திணறுது, வாய் வழியா ரத்தம் வருது, மூஞ்சி சப்பையான ஜாதின்னா வாய்க்கட்டு போடவே கூடாது, மூச்சு முட்டிடும். நாய்க்கு வேர்வை மூலமா சூடு இறங்காது, வாயைத் திறந்து இளைக்கிறதுலதான் இறங்கும், அதனால வெயில்ல ரொம்ப நேரம் கட்டி வெக்கவும் கூடாது.

பூனைக்கு வாய்க்கட்டு வேண்டாம். பெரிய டவலை மேல போட்டு மொத்தமா சுருட்டி அப்படியே பெட்டிக்குள்ள வெச்சு மூடிடுங்க, இருட்டுல அதுவே அடங்கிடும். பூனை வாயைத் திறந்து மூச்சு விடுதுன்னா அது ரொம்ப ஆபத்தான நிலைமை, வேற எதுவும் பண்ணாம நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க.

ரத்தம் கொட்டுதுன்னா சுத்தமான துணியை வெச்சு அஞ்சு நிமிஷம் விடாம அழுத்துங்க. நின்னுடுச்சான்னு நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, அப்போ உறைய ஆரம்பிச்ச ரத்தம் பிச்சுக்கும். துணி நனைஞ்சுடுச்சுன்னா எடுக்காம அது மேலயே இன்னொரு துணி வைங்க. உடைஞ்ச காலுக்கு ரோட்டுல வெச்சு குச்சி கட்ட முயற்சி பண்ணாதீங்க, தெரியாம கட்டினா கட்டாததை விட மோசம், மொத்த உடம்பும் அசையாம பலகையில கொண்டு போனா போதும். தூக்கக் கூடாது, பலகை மேல நகர்த்தணும். ஒருத்தர் தோள்பட்டையையும் தலையையும், இன்னொருத்தர் இடுப்பையும் பிடிச்சு ஒரே நேரத்துல.

ஈறைப் பாருங்க, கடிக்காதுன்னு நம்பிக்கை இருந்தா மட்டும். ரோஸ் கலரா இருக்கணும். விரலால ஒரு அழுத்து அழுத்தி எடுத்தா வெளுத்து ரெண்டு செகண்டுக்குள்ள கலர் திரும்பணும். வெள்ளையாவே இருந்தா உள்ளுக்குள்ள ரத்தம் போயிட்டு இருக்கலாம், அதிர்ச்சியில இருக்கு. போர்வை போத்தி உடனே கிளம்புங்க, கிளம்புறப்பவே டாக்டருக்கு போன் பண்ணி "ஈறு வெளுத்திருக்கு"ன்னு சொல்லிட்டீங்கன்னா அங்க எல்லாம் ரெடியா இருக்கும்.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கிறேன், மனுஷங்க போடுற வலி மாத்திரையைக் கொடுத்துடாதீங்க. பாராசிட்டமால் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்னுடும், அதோட ஈரலால அதை முறிக்க முடியாது. ஐபுப்ரோஃபென் நாயோட வயித்தையும் கிட்னியையும் கெடுத்துடும். பாவம்னு கொடுத்த மாத்திரையால ஒரு பூனை ஈறெல்லாம் பழுப்பாகி மூச்சுக்கு ஏங்கினதை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன், அது எனக்கு இன்னும் மறக்கல. விஷம் சாப்பிட்டிருக்கும்னு சந்தேகம்னாலும் நீங்களா வாந்தி எடுக்க வெக்காதீங்க, சில விஷம் திரும்ப வர்றப்போ தொண்டையையும் வேக வெச்சுடும். பக்கத்துல கெடக்கிற பாக்கெட், வாந்தி, மிச்சம் மீதி எதுவா இருந்தாலும் கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க, வைத்தியத்துக்கும் ஆகும், கேஸுக்கும் ஆகும்.

கார்ல அடைஞ்சு கெடக்கிற நாய்

இது அடிக்கடி வர்ற கால். வெளியே 21 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும், நமக்கு ஜில்லுனு இருக்கும், ஆனா மூடின கார் உள்ள அரை மணி நேரத்துல 40 டிகிரியைத் தொட்டுடும். கண்ணாடியை ஒரு இஞ்ச் இறக்கி வெச்சிருக்கோம்னு ஓனர் சொல்வாங்க, அதுல பெருசா எந்த வித்தியாசமும் வராது. நாய் தள்ளாடுது, எச்சில் கெட்டியா வழியுது, ஈறு செங்கல் கலர்ல இருக்குன்னா காத்திருக்காதீங்க. உங்க ஊர் சட்டப்படி கண்ணாடியை உடைக்க எப்போ அதிகாரம் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கணும், அங்க போய் நின்னுட்டு மேலதிகாரிக்கு போன் போட்டுட்டு இருந்தா நேரம் போயிடும். உடைக்கிறதுன்னா நாய்க்குத் தூரமா இருக்கிற கண்ணாடியை உடைங்க, அதுக்கு முன்னாடி நேரத்தைக் குறிச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. வெளியே எடுத்ததும் முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் வண்டியில ஏத்தணும். உடம்பு முழுக்கத் தண்ணியை ஊத்தி விசிறி விடுங்க. ஈரத் துண்டை மேல போத்தி விட்டுடாதீங்க, கொஞ்ச நேரத்துல அதுவே சூட்டை உள்ள அடைச்சு வெச்சுடும். எழுந்து நின்னு வாலாட்டினாலும் டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும், உள்ளே ஆன சேதம் மறுநாள்கூட தெரிய வரும்.

மாடும் குதிரையும்

பெரிய விலங்கு விழுந்து கெடந்தா காலுக்கு எதிர்ல நிக்கவே நிக்காதீங்க, முதுகுப் பக்கமா இருங்க. விழுந்த குதிரை ஒரு உதை விட்டா மனுஷன் எலும்பு தாங்காது. எழுந்திருக்கிறப்போ தலையைத் தூக்கி ஆட்டித்தான் எழும், அதனால தலைப் பக்கம் குனிஞ்சு நிக்கிறதும் ஆபத்துதான்.

மாட்டுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. மாடு, ஆடு மாதிரி அசை போடுற விலங்கு வயித்துல எப்பவும் வாயு உண்டாகிட்டே இருக்கும், அதை ஏப்பமா விட்டுட்டே இருக்கணும். ஒரே பக்கமா தட்டையா படுத்துட்டா ஏப்பம் விட முடியாது, வயிறு உப்பி நுரையீரலை அழுத்தி, அடிபட்ட காயத்துல சாகாத மாடு இதுல செத்துடும். அதனால டாக்டர் வர்ற வரைக்கும் அதை நெஞ்சு தரையில படுற மாதிரி நிமித்தி உக்கார வெச்சு, சாய்ஞ்சுடாம பக்கத்துல மூட்டையோ டயரோ முட்டுக் கொடுங்க. முதுகெலும்புல அடின்னு சந்தேகம் இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டு பண்ணுங்க. ரொம்ப நேரம் ஒரே பக்கம் படுத்திருந்தா அதோட எடையே கீழ இருக்கிற சதையையும் நரம்பையும் நசுக்கிடும், அப்புறம் கால் நல்லா இருந்தும் எழ முடியாது. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்தி விடணும். கழுத்துல கயிறு போட்டு வண்டியில கட்டி இழுக்கிறதை தயவு செஞ்சு யாரையும் பண்ண விடாதீங்க, நீங்க அங்க நிக்கிறதே அதைத் தடுக்கத்தான். பலகை, தார்ப்பாய் மேல உருட்டி, தார்ப்பாயோட நகர்த்தணும்.

எழுந்து நடக்கிற மாட்டை ரோட்டுல இருந்து நகர்த்தணும்னா கத்தி விரட்டாதீங்க. டெம்பிள் கிராண்டின்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி மாடுங்களோட நடத்தையை ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணவங்க, அவங்க சொல்ற ரெண்டு விஷயம் போலீசுக்கு நேரா உதவும். ஒவ்வொரு மாட்டுக்கும் தன்னைச் சுத்தி ஒரு எல்லை இருக்கு, அதுக்குள்ள நீங்க கால் வெச்சா நகரும், வெளியே வந்தா நின்னுடும். இன்னொண்ணு, தோள்பட்டைக்குப் பின்னால நின்னு அந்த எல்லைக்குள்ள போனா முன்னால போகும், தோள்பட்டைக்கு முன்னால வந்தா பின்னால போகும். இவ்வளவுதான். இதைத் தெரிஞ்ச ரெண்டு பேர் நடந்தே நகர்த்திடலாம், தெரியாத இருபது பேர் தடியோட வந்தா மாடு தடுப்புச் சுவரைத் தாண்டி எதிர்ல வர்ற வண்டி மேல விழும்.

காட்டு விலங்கு

வீட்டு விலங்குகிட்ட நல்லது பண்ணுமேன்னு நாம செய்யிற எதுவும் இங்க எடுபடாது. தடவிக் கொடுக்கிறது, மெதுவா பேசுறது, எல்லாம் அதுக்கு பயம்தான், நம்ம குரலே அதுக்குப் புலி குரல் மாதிரி. மானைத் துரத்திப் பிடிச்சு கட்டி வெச்சா, காயம் சின்னதா இருந்தாலும் அந்த ஓட்டத்துலயும் பயத்துலயும் சதையெல்லாம் சிதைஞ்சு சில மணி நேரத்துலயோ சில நாள் கழிச்சோ செத்துப் போயிடும், காட்டு விலங்கைப் பிடிக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச, பயப்படுற விஷயம் இது. அதனால துரத்தாதீங்க. எழ முடியாம கெடந்தா ஒரு துணியை மெதுவா கண்ணு மேல போட்டு, எல்லாரும் வாயை மூடிக்கிட்டு தள்ளி நின்னு, வனத்துறை மாதிரி பொறுப்புல இருக்கிறவங்களைக் கூப்பிடுங்க.

புல்லுக்குள்ள தனியா படுத்திருக்கிற மான் குட்டி அனாதை இல்ல, அம்மா மேயப் போயிருக்கும், ஆளுங்க போனாத்தான் திரும்பி வரும். பறவைக்குஞ்சை மனுஷன் தொட்டா தாய் ஏத்துக்காதுன்னு சொல்றது உண்மை இல்ல, கூடு தெரிஞ்சா திரும்ப வெச்சுடலாம். பறவையைப் பிடிக்கிறப்போ நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதீங்க, பறவைக்கு நமக்கு இருக்கிற மாதிரி உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைஞ்சாத்தான் மூச்சு வரும், இறுக்கினா கையிலயே போயிடும். கழுகு, ஆந்தைன்னா அலகை விட காலைப் பாருங்க, நகம் கிளவுஸையும் தாண்டி இறங்கும். வௌவாலை வெறும் கையால தொடவே தொடாதீங்க.

வெறின்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி

எச்சில் வழியுது, தள்ளாடுது, கண்ணு ஒரு மாதிரி இருக்குன்னதும் வெறிநாய்னு கூட்டம் கத்தும், அடிச்சுக் கொல்லச் சொல்லும், அந்த நேரத்துல அந்த நாய்க்கு உங்களை விட்டா யாரும் இல்ல. தலையில அடிபட்டாலும் அப்படித்தான் இருக்கும், விஷம் சாப்பிட்டாலும், டிஸ்டெம்பர்ங்கிற நாய் வைரஸ் நோய் வந்தாலும், சூட்டுல சுருண்டாலும் அப்படித்தான் இருக்கும். பார்வையில யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. ஆளுங்களைத் தள்ளி வெச்சு, நாயை ஒரு இடத்துல அடைச்சு, டாக்டரைக் கூப்பிடுங்க.

அதே சமயம் ரேபிஸை லேசா எடுத்துக்கவும் கூடாது, அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கிறதில்ல. யாரையாவது கடிச்சிருந்தா, உங்களையே கடிச்சிருந்தாலும், உடனே சோப்பும் ஓடுற தண்ணியும் வெச்சு 15 நிமிஷம் கழுவணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 15 நிமிஷம் ரொம்ப நீளமா தெரியும், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்க. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி, தடுப்பூசி. 1885ல லூயி பாஸ்டர் ஒரு சின்னப் பையனுக்கு முதல் முதலா போட்டதுலேர்ந்து இந்த ஊசி எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு, ஆனா அறிகுறி வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான். கடிச்ச நாய், பூனை உயிரோட நல்லா இருக்குன்னா 10 நாள் அடைச்சு வெச்சு கவனிப்பாங்க, அந்த 10 நாள்ல அது நல்லா இருந்தா கடிச்ச நேரத்துல அதோட எச்சில்ல கிருமி இல்லைன்னு அர்த்தம். அந்த விலங்கு செத்துட்டாலோ வேற வழியில்லாம கொல்ல வேண்டி வந்தாலோ தலையைச் சிதைச்சுடக் கூடாது, ரேபிஸ் டெஸ்ட் மூளையிலதான் பண்ணுவாங்க. தலையில சுட்டுட்டா கடிபட்டவருக்கு அந்தப் பதில் கடைசி வரைக்கும் கிடைக்காமலே போயிடலாம்.

காப்பாத்த முடியாதுன்னா

இதை எழுதுறது கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா விட்டுட்டுப் போக முடியாது. முதுகெலும்பு முறிஞ்சு குடல் வெளியே வந்து, டாக்டர் வர்றதுக்கு மணிக்கணக்கா ஆகும்னா, வலியை நீட்டிக்கிட்டே இருக்கிறதும் கொடுமைதான். முதல் வழி எப்பவும் டாக்டர் போடுற ஊசிதான். வர முடியலைன்னாலும் போன்ல வீடியோல காட்டி அவங்களை முடிவு பண்ணச் சொல்லுங்க, ஓனர் இருந்தா அவங்க சம்மதத்தையும் கேளுங்க. தடியால அடிக்கிறது, வண்டி ஏத்துறது, முக்குறது இதெல்லாம் எந்த நிலைமையிலயும் கூடாது.

சட்டமும் மேலதிகாரியும் அனுமதிச்சு, துப்பாக்கி மட்டும்தான் வழின்னு ஆயிடுச்சுன்னா ஒரே குண்டுல, நொடியில நினைவு போகணும். அதுக்கு முன்கூட்டியே பயிற்சி எடுத்திருக்கணும், அமெரிக்க கால்நடை மருத்துவர் சங்கம் 1963லேர்ந்து இதுக்குன்னே வழிகாட்டி வெளியிடுறாங்க, 2020 பதிப்புல விலங்கு வாரியா படத்தோட இருக்கு. பெரும்பாலானவங்க பண்ற தப்பு ரெண்டு கண்ணுக்கு நடுவுல குறி வைக்கிறது. அது ரொம்பக் கீழ, மூளை இன்னும் மேல இருக்கு. மாட்டுக்கு, ஒரு கண்ணோட வெளி ஓரத்துலேர்ந்து எதிர்ப்பக்கக் கொம்போட அடி வரைக்கும் ஒரு கோடு, அடுத்த கண்ணுலேர்ந்தும் அதே மாதிரி ஒண்ணு போட்டா ரெண்டும் வெட்டுற இடம். குதிரைக்கு கண்ணுலேர்ந்து எதிர்ப்பக்கக் காதோட அடிக்கு கோடு, வெட்டுற இடத்துக்குக் கொஞ்சம் மேல. நாய்க்கு கண் மட்டத்துக்கும் காதோட அடிக்கும் நடுவுல, நட்டநடுவுல எலும்பு முகடு இருக்கிறதால கொஞ்சம் ஒரு பக்கமா. கடிச்ச நாயா இருந்தா, ரேபிஸ் டெஸ்டை நினைச்சு இதையும் முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடணும். துப்பாக்கி முனையைத் தலையில ஒட்டி வெக்காதீங்க, ஆனா கிட்டத்துலேர்ந்துதான் சுடணும். பின்னால மண் தரை இருக்கணும், தார் ரோட்டுலயும் கல்லுலயும் குண்டு தெறிச்சு வரும். குழந்தைங்களை முன்னாடியே அனுப்பிடுங்க, மத்தவங்களை திரும்பி நிக்கச் சொல்லுங்க, போன்ல எடுக்க விடாதீங்க.

அப்புறம் உயிர் போயிடுச்சான்னு பார்க்காம கிளம்பவே கூடாது. நெஞ்சு அசையுதான்னு பாருங்க, இதயத் துடிப்பு இருக்கான்னு பாருங்க, கண்மணியை லேசா தொட்டா இமைக்குதான்னு பாருங்க, சில நிமிஷம் கழிச்சு திரும்பவும் பாருங்க. உடம்பை அப்படியே விட்டுட்டு வந்தா, ஊசியில இறந்ததோட உடம்புல இருக்கிற மருந்து அதைத் தின்ன வர்ற நாய், கழுகையும் கொன்னுடும், ஈயக் குண்டும் அப்படித்தான். புதைக்கவோ எடுத்துட்டுப் போகவோ ஏற்பாடு பண்ணிட்டுத்தான் கிளம்பணும்.

கொடுமை பண்ணதா தெரிஞ்சா

1822ல இங்கிலாந்துல ரிச்சர்ட் மார்ட்டின்னு ஒரு எம்.பி. கொண்டு வந்த சட்டம்தான் மாடு குதிரையைக் கொடுமைப்படுத்தினா தண்டனைன்னு சொன்ன ஆரம்ப காலச் சட்டங்கள்ல முக்கியமானது. அதை அமல்படுத்தணும்னு 1824ல லண்டன்ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ் வந்ததே 1829லதான். போலீசுக்கு இது புதுசா வந்த கூடுதல் சுமைன்னு யாராவது சொன்னா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. அமெரிக்காவுல எஃப்.பி.ஐ. 2016லேர்ந்து விலங்குக் கொடுமையை தனிக் குற்ற வகையாவே கணக்கெடுக்குது. விலங்கை அடிக்கிற வீட்டுல பொண்டாட்டியும் பிள்ளைங்களும் அடி வாங்குறது நிறைய நடக்குது, அதனால அந்த வீட்டுக்குள்ள இருக்கிற மனுஷங்களையும் ஒரு பார்வை பாருங்க.

சிகிச்சையை நிறுத்தி வெச்சு ஆதாரம் எடுக்காதீங்க, ஒருத்தர் காயத்தை அழுத்துறப்போ இன்னொருத்தர் போட்டோ எடுக்கலாம். மொத்த உடம்பு, ரெண்டு பக்கம், காயம் கிட்டத்துல ஒரு அளவுகோலை வெச்சு, கட்டியிருந்த கயிறு, தண்ணிப் பாத்திரம் காலியா இருந்ததான்னு எல்லாம். கயிறு கழுத்துல இறங்கிப் போயிருந்தா முடிச்சை அவுக்காம வேற இடத்துல வெட்டுங்க, முடிச்சும் சாட்சிதான். டாக்டர்கிட்ட எழுத்துல வாங்குங்க. யாரையாவது கைது பண்ணி கூட்டிட்டு வர்றப்போ வீட்டுல நாயோ பூனையோ இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க, மூணு நாள் கழிச்சு யாரோ நாத்தம் அடிக்குதுன்னு புகார் கொடுக்கிற நிலைமை வரக் கூடாது.

திரும்பி வந்த பிறகு

கை, பூட்ஸ், வண்டி சீட் எல்லாம் கழுவிடுங்க. நாய்க்குட்டிங்களுக்கு வர்ற பார்வோ வைரஸ் மாதிரி கிருமி மாசக்கணக்கா அப்படியே இருக்கும், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணி கலந்து துடைச்சு பத்து நிமிஷம் விடுங்க, இல்லைன்னா அடுத்து ஏத்துற குட்டிக்கு நீங்களே நோயைக் கொடுத்துடுவீங்க. ரிப்போர்ட்டுல எத்தனை மணிக்கு போனீங்க, எப்படி இருந்துச்சு, யாருகிட்ட கேட்டீங்க, ஏன் அந்த முடிவுன்னு எழுதுங்க. சுட வேண்டி வந்திருந்தா அன்னிக்கு ராத்திரி சுட்ட அந்தப் போலீஸ்காரரை தனியா விடாதீங்க, ஷிஃப்ட் முடிஞ்சதும் யாராவது ஒருத்தர் கூட உக்கார்ந்து பேசுங்க. வெளியே காட்டிக்க மாட்டாங்க, ஆனா அது தங்கும்.

ஓனர் தெரியலைன்னா கழுத்துப்பட்டையில நம்பர் இருக்கான்னு பாருங்க, டாக்டர்கிட்ட தோலுக்கு அடியில ஓனரைக் கண்டுபிடிக்க வெக்கிற சிப் இருக்கான்னு ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, உயிரோட இருந்தாலும் இல்லைன்னாலும். செத்துப் போயிருந்தா அந்தக் கழுத்துப்பட்டையைக் கழட்டி, ரத்தத்தைத் துடைச்சு, ஒரு கவர்ல போட்டு தேதி, இடம் எழுதி ஸ்டேஷன்ல வைங்க. ரெண்டு நாள் கழிச்சு, நாலு தெரு தேடிட்டு யாராவது வருவாங்க, கையில போட்டோவோட. அவங்களை உக்கார வெச்சு, அது எங்க கெடந்துச்சு, கடைசியில பக்கத்துல யார் இருந்தாங்கன்னு சொல்லிட்டு அந்தக் கவரைக் கையில கொடுங்க.